அவர் கேட்ட இரண்டு நாட்கள்

கடைசி ஊசியை எப்படிப் போடுவது என்று இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நரம்பு என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கை நடுங்குகிறது என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். ஒரு வருடத்தில் நின்றுவிடும். என் கை நடுங்காமல் போய்ப் பல வருடம் ஆன பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் முப்பத்தோரு வருடம் கால்நடை மருத்துவராக இருந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். கால்நடை என்ற சொல் எனக்குக் கொஞ்சம் பெரியது. படிப்பு முடிந்த பிறகு மாட்டை நான் தொட்டதே இல்லை. பூனை, நாய், முயல், கிளி இவைதான். மாடி வீடுகளிலும் கடை வீடுகளிலும் மனிதர்களோடு ஒரே கட்டிலில் தூங்கியவை. கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். காப்பாற்றிய கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவை உங்களுக்குப் பயன்படாது. நீங்களும் காப்பாற்றுவீர்கள், அப்போது யாருடைய பேச்சும் தேவைப்படாது. காப்பாற்ற முடியாத நாளில் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு மனிதரின் கதைதான். காதர் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சூலியா தெருவில் அவருக்கு ஒரு கடை. கைலி, தொப்பி, தொழுகை விரிப்பு, நோன்புப் பெருநாள் நெருங்கினால் பிள்ளைகளுக்கான சட்டை. கீழே கடை, மேலே வீடு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் சீனி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த ஒரு குட்டியை அவருடைய மனைவி எடுத்து வளர்த்தார். அதனால் அதற்குச் சீனி என்றே பெயர். வெள்ளையும் சாம்பலுமாக, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும்.

பதினைந்து வருடம் அந்தப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்த அக்காதான். சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடைக்குள் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருப்பார். “டாக்டர் தங்கச்சி, இவ நேத்திலேருந்து என்னைய மொறைக்கிறா, என்னான்னு கேளுங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். ஊசி போடும்போது பூனையைவிட அவர்தான் அதிகம் கத்துவார். பாயை நான் அந்தப் பதினைந்து வருடத்தில் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தால் அதிகம். மோட்டார் சைக்கிளில் வந்து இறக்கிவிட்டு வாசலிலேயே நிற்பார்.

ஒரு வருடம் சீனி தடுப்பூசிக்கு வரவில்லை. நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு ஒரு காலை அதே கூடையோடு பாய் தனியாக வந்தார். பூனை இளைத்து, தண்ணீராகக் குடிக்கிறது என்றார். நான் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடியே, “அக்கா வரலையா பாய்?” என்று கேட்டேன்.

“அவ இல்லம்மா,” என்றார்.

“சரி, வந்ததும் சொல்லுங்க, நான் கேட்டேன்னு.”

அவர் தலையாட்டினார்.

நம் மொழியில் அந்த இரண்டு சொற்களுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாதா என்ன? அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எந்தப் பொருள் என்று புரிந்திருக்கும். நான் பூனையின் சிறுநீரகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கோப்பில் ‘இம்முறை கணவர் அழைத்து வந்தார்’ என்று எழுதினேன். அவ்வளவுதான்.

இரத்தப் பரிசோதனையில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. வயதான பூனைகளுக்கு வருவதுதான், திரும்பச் சரியாகாது. பாய் ஒவ்வொரு வாரமும் வந்தார். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்ற எங்கள் நர்ஸ் சாந்தி அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். கைலித் துணியை அளந்து அளந்து பழகிய விரல்கள். இரண்டாவது முறையே சரியாகச் செய்தார். வந்து உட்கார்ந்ததும் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிப்பார்: “காலைல ஒரு வாய் மீனு. மத்தியானம் ஒண்ணுமில்ல. சாயங்காலம் என் கையிலேருந்து நக்குனுச்சு.” நான் மருந்தை மாற்றி எழுதுவேன். ஏழு வாரம் இப்படிப் போனது. அந்த ஏழு வாரத்தில் அவருடைய வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாந்தியும் கேட்டதில்லை, ஆனால் அவளுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது. “அவரு சட்டையில பட்டன் ஒண்ணு ரொம்ப நாளா இல்ல டாக்டர்,” என்று ஒருநாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அது நடந்தது. அந்த நாட்களில் கிளினிக் எப்படி இருக்கும் என்று இந்த வருடம் பார்த்திருப்பீர்கள். ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் நாயைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பட்டாசுக்குப் பயப்படும் நாய்க்கு மாத்திரை கேட்டு ஒரு கூட்டம். நகம் வெட்ட, முடி வெட்ட, புத்தாண்டுக்கு முன்னால் தடுப்பூசியை முடித்துவிட. உட்கார இடமில்லாமல் வாசல் வரை நிற்பார்கள். மறுநாளிலிருந்து எங்களுக்கு லீவு. யாரும் இருக்கமாட்டார்கள்.

பதினோரு மணி இருக்கும். பாய் கூடையோடு வந்தார். சீனி மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. கண் உள்ளே போயிருந்தது. தலையைத் தூக்கவில்லை, ஆனால் அவர் விரலைக் கன்னத்தருகே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பி அந்த விரலில் வைத்துக்கொண்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னேன். கடைசி ஊசியைப் பற்றியும் சொன்னேன்.

“உசுர எடுக்குறது நம்ம வேல இல்லையேம்மா,” என்றார் மெதுவாக. பிறகு, “வேதனையா இருக்கா அதுக்கு?” என்று கேட்டார்.

“இருக்கும் பாய்.”

பூனையின் மேல் இருந்த துண்டைச் சரிசெய்தார். “ரெண்டு நாள் வீட்டுல வச்சிக்கிறேன். மக அக்கரைல, பட்டர்வொர்த்துல இருக்கா. இத இந்த நெலமைல ஃபெரில தூக்கிட்டுப் போக முடியாது. அவளுக்கு ஃபேக்டரில ராத்திரி வரைக்கும் வேல, நாளன்னிக்குத்தான் லீவு உடுறாங்க. அவ வந்து ஒரு தடவ பாத்துட்டான்னா, அப்புறம் நீங்க சொல்றத செய்வோம்.”

“ரெண்டு நாளும் நாங்க மூடியிருப்போம். நடுவுல ஏதும் ஆச்சுன்னா எங்க போவீங்க?”

“நான் பாத்துக்கிறேன்மா.”

இங்கே நிறுத்தி, அப்போது என்னிடம் என்னென்ன வழிகள் இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். வலி குறையும் மருந்து இருந்தது. குமட்டலை அடக்கும் ஊசி இருந்தது. தண்ணீர் ஏற்ற அவருக்கே தெரியும். என் வீட்டிலிருந்து சூலியா தெரு பத்து நிமிடம். லீவு நாளில் ஒருமுறை நானே போய்ப் பார்த்திருக்கலாம். இவை எல்லாம் மனதில் ஓடின. இவற்றைச் சொல்லி விளக்க இருபது நிமிடம் ஆகும் என்பதும் ஓடியது. வெளியே இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய வேலைகூட அவசரமானதில்லை.

நான் சொன்னேன்: “இது யாருக்காக பாய்? அதுக்காகவா, உங்களுக்காகவா? இன்னும் எத்தனை நாள் இத வதைக்கப் போறீங்க?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அறைந்ததுபோல இருந்தது அந்த முகம். பிறகு சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டார்.

ஊசி போடும்போது சீனி அவருடைய உள்ளங்கையில்தான் தலையை வைத்திருந்தது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எல்லாம் அமைதியாக, ஒழுங்காக முடிந்தது. என் வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது. துண்டால் போர்த்திக் கூடைக்குள் வைத்துக்கொடுத்தோம். கதவுவரை போனவர் திரும்பினார்.

“ஒரே வருசத்துல ரெண்டு தடவ என்னைய சரின்னு சொல்ல வச்சிட்டாங்கம்மா,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்டிருக்க வேண்டும். “சாரி பாய்,” என்றேன். அடுத்த கோப்பு அதற்குள் என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சாந்தியும் பார்த்தாள்.

லீவு முடிந்து கிளினிக் திறந்த மறுநாள் அவருடைய மகள் வந்தாள். முப்பது வயதிருக்கும். சிவந்த கண்கள், தலையில் முக்காடு, தோளில் ஃபேக்டரிப் பை. வேலைக்குப் போகாமல் நேராக ஃபெரியில் ஏறி வந்திருக்கிறாள். பூனையோ நாயோ இல்லாமல் ஒரு பெண் வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்கு விநோதமாகப் பட்டது. அவள் முறை வந்ததும் உள்ளே வந்து நின்றபடியே பேசினாள்.

“நான் காதர் பாய் மக. எங்கத்தாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்?”

நான் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

“மருந்து கத வேணாம் டாக்டர். அது எனக்கும் தெரியும். என்ன சொன்னீங்க?”

பிறகு அவளே சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா எட்டு மாதத்திற்கு முன்பு மௌத்தாகிவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மிஷின் வைத்திருந்தார்கள். நான்காவது நாள் டாக்டர்கள் அவள் அத்தாவைக் கூப்பிட்டு, இனி எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்தான் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“அன்னைக்கு இங்கேருந்து அந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு ஃபெரில வந்தாரு. சூலியா ஸ்திரீட் வீட்டுல மண்ணே இல்ல, முழுக்க சிமிந்தி. எங்க வீட்டுப் பின்னால ராத்திரியே அவரே தோண்டிப் பொதச்சாரு, என்னைய மம்பட்டியத் தொடவே உடல. மறுநாளே கடைக்குப் போறேன்னு போயிட்டாரு. போயிப் பாத்தா கட தொறக்கல. சாப்பாடு வாங்கிக் குடுத்தா அப்படியே இருக்கு. என்னாத்தான்னு கேட்டா, ‘ரெண்டு பேரையும் நான்தானே அனுப்பி வச்சேன், அவ பூனைய எங்கிட்ட உட்டுட்டுப் போனா’ன்னு சொல்றாரு. இன்னும் ஒண்ணும் சொல்றாரு. ‘நான் எனக்காகத்தான் வதச்சேனாம்’ங்கிறாரு. இது அவரு வார்த்த இல்ல டாக்டர். எங்கத்தா அப்படிப் பேசுற ஆளு இல்ல. யாரு சொன்னது?”

மேசையில் இருந்த கோப்பை மூடினேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “அது எங்கம்மா தூக்கிட்டு வந்த பூன டாக்டர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

மத்தியானம் சாந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என்னைவிட இருபது வயது சின்னவள். அதுவரை என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அவரு ரெண்டு நாள் கேட்டாரு டாக்டர். குடுத்திருக்கலாம்.”

“நான் கேள்விதானே கேட்டேன் சாந்தி. முடிவு அவருதானே எடுத்தாரு.”

“அது கேள்வி இல்ல டாக்டர். கேள்வின்னா அதுக்கு ரெண்டு பதில் இருக்கணும்.”

இதைவிடச் சரியாக இந்தத் தொழிலில் யாரும் எனக்கு ஒன்றைச் சொன்னதில்லை. உங்கள் முன்னால் நிற்பவரிடம் நீங்கள் கேட்கும் கேள்விக்கு ‘இல்லை’ என்று அவர் மரியாதையோடு சொல்லமுடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அது கேள்வி இல்லை, கழுத்தில் வைத்த கை.

புதன்கிழமை எங்களுக்கு அரை நாள். சூலியா தெருவுக்குப் போனேன். கடையின் மடக்குக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், உட்காரச் சொன்னார், பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து எனக்குப் பாலில்லாத தேநீர், தே ஓ, வரவழைத்தார். இத்தனைக்கும் அவர் முகம் ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. நான் வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அன்று நான் சொன்னது தவறு. அக்கா காலமானது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “ஒண்ணு கேக்கணும்மா,” என்றார். “உட்டிருந்தா எத்தன நாளு இருந்திருக்கும்?”

எனக்கு இரண்டு பதில்கள் தெரிந்தன. ‘அன்று சாயங்காலமே போயிருக்கும் பாய், நீங்கள் செய்ததுதான் சரி’ என்பது ஒன்று. அவர் அதை நம்பியிருப்பார். அன்றிரவு கொஞ்சம் தூங்கியிருப்பார். என்றாவது வேறொரு டாக்டரிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒருமுறை என் வார்த்தையால் அடித்தவரை இன்னொருமுறை என் வார்த்தையால் ஏமாற்றுவதா என்றும் யோசித்தேன். இவையெல்லாம் தேநீர் ஆறுவதற்குள்.

“நாலு நாளு, அஞ்சு நாளு இருந்திருக்கலாம் பாய். மருந்து குடுத்திருந்தா ரொம்ப வேதனை இல்லாம, உங்க வீட்டுலேயே தூக்கத்துல போயிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா உங்க மக வர்ற வரைக்கும் இருந்திருக்கும்.”

அவர் தலையை அசைத்தார். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகம், மறுநாள் லீவு, விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் உங்களை அவசரப்படுத்திவிட்டேன் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சில் இருந்த கல் இறங்குவது எனக்கே தெரிந்தது.

பாய் தெருப்பக்கம் திரும்பினார். பைகளோடு சுற்றுலாக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

“கூட்டமா இருந்துச்சுன்னு இப்ப ஏம்மா சொன்னீங்க? உங்களுக்கு லேசா ஆயிருக்கும். அத நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?”

அது என் இரண்டாவது தவறு. எத்தனை நாள் என்று அவர் கேட்டார், அதற்கு உண்மையைச் சொல்ல நான் கடமைப்பட்டவள். ஏன் அவசரப்பட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் என் நிம்மதிக்காக அவர் மடியில் கொட்டினேன். தவறு செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறக்கும் முன், இது அவருக்குத் தேவையா, உங்களுக்குத் தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் என்றால், அதைக் கேட்க உங்களோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எழுந்தபோது, “அடுத்த புதன்கிழம வரட்டுமா பாய்?” என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்னால் போகக்கூடாது என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“வாங்க,” என்றார். பிறகு, “பேச ஒண்ணும் இல்ல,” என்றார்.

“பேச வேணாம்.”

அப்படித்தான் போனேன். புதன்கிழமைகளில் இரண்டரை மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் பெரும்பாலும் மழையைப் பற்றியும் கடைக்கு முன்னால் கார் நிறுத்துகிறவர்களைப் பற்றியும் பேசினோம். பூனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. மாடிப்படியின் கீழ் அதன் தண்ணீர்க் கிண்ணம் அப்படியே இருந்தது. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் காலில் பட்டுக் கிண்ணம் கவிழ்ந்தது. பாய் எழுந்துபோய்த் துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றி அங்கேயே வைத்தார்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, கைலிகளை மடித்து அடுக்கிக்கொண்டே அவர் ஆஸ்பத்திரி நாளைப் பற்றிப் பேசினார். என்னைப் பார்க்காமல் துணியைப் பார்த்துப் பேசினார்.

“டாக்டர் சின்னப் பையந்தான்மா. என்னைய உக்கார வச்சு, பக்கத்துல உக்காந்து சொன்னான். நான், எம்மவ வரணும், அவ ஃபேக்டரிலேருந்து வந்து ஃபெரி ஏறணும்னேன். சரி அங்கிள், அவங்க வர்ற வரைக்கும் நாங்க எதையும் தொடமாட்டோம்னான். மூணு மணி நேரம் ஆச்சு. யாரும் வந்து அவசரப்படுத்தல. அவ வந்து அம்மா கையப் புடிச்சிக்கிட்டா. அப்புறந்தான் நான் சரின்னேன்.” ஒரு கைலியை மடித்து முடித்தார். “அதுனால அத நான் தாங்கிக்கிட்டேன்மா. இதத்தான் முடியல.”

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. கைலிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். நான் மடித்ததை அவர் பிரித்துத் திரும்ப மடித்தார். நான் அடுத்ததை எடுத்தேன்.

அதன் பிறகு கிளினிக்கில் சில விஷயங்களை மாற்றினோம். நீங்கள் விதி என்று நினைத்துச் செய்துகொண்டிருக்கும் சில வேலைகள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குத் தெரியவேண்டும். கடைசி ஊசிக்கு முன் ‘வேறு யாராவது வந்து பார்க்க வேண்டுமா?’ என்று கேட்பது காதர் பாயால் வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு முதலில் அதற்கான வழியைச் சொல்லிவிட்டு, ஊசியைப் பற்றிப் பிறகு சொல்வதும் அப்படித்தான். ஊசி போட்ட மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் செய்வதைச் சாந்தி ஆரம்பித்தாள். ‘எப்படி இருக்கீங்க’ என்று அவள் கேட்கமாட்டாள், ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பாள். ஆனால் இவற்றைத் தாளில் எழுதி ஒட்டிவைத்து ஒன்று, இரண்டு என்று சரிபார்த்தால் என்னைப்போலத்தான் ஆவீர்கள். என்னிடமும் எல்லா முறையும் இருந்தது. பார்க்கவேண்டிய முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் முழுதாகத் தேறவில்லை. தேறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கடையைத் திறந்தார், வியாபாரம் செய்தார், சாப்பிட்டார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேறு பூனை வளர்க்கவில்லை. இரண்டு வருடத்தில் கடையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். மாதம் ஒருமுறை ஃபெரி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மகள் எனக்குத் தேநீர் வைப்பாள், என்னோடு பேசமாட்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவளே கூப்பிட்டாள். பாய்க்கு இதயம் பலவீனமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மூச்சு முட்டினால் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடாது, மிஷின் வைக்கக்கூடாது என்று அவர் சொல்கிறார். அவளால் அதைக் கேட்கவே முடியவில்லை. என்னை வரச்சொன்னது அவர்தான்.

போனேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

“எம்மவளுக்குச் சொல்லுங்கம்மா. நான் இங்கியே இருக்கேன்னு.”

“நான் பூனை டாக்டர் பாய்.”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “தெரியும்.”

மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க டாக்டர். நான் என்ன செய்யணும்? நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே.”

அவர் சொல்வதைக் கேளம்மா என்பதுதான் என் மனதில் இருந்தது. அதுதான் சரி என்றும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வண்டியில் அவரைத் தூக்கிப்போடும் காட்சிகூடக் கண்ணில் வந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

“எனக்குத் தெரியலம்மா. நீங்க யோசிங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நான் இன்னிக்கு வேற எங்கயும் போகல.”

குழாயை மூடினாள். அடுப்படி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளே அவர் இருமுவது கேட்டது. இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது முறை போனவள் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பதினோரு நாள் இருந்தார். வீட்டிலேயே, ஒரு மத்தியானம், மகள் பக்கத்தில் இருக்கும்போது போனார். செய்தி வந்த அன்று நான் கிளினிக்கில் இருந்தேன். சாந்தி போனை வாங்கிக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். உடனே கிளம்பலாம் என்று கைப்பையை எடுத்தேன். அப்போது வாசலில் ஒருவர் அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், யாரென்று தெரியாது, முதல்முறை வருகிறவர். பெட்டிக்குள் ஒரு கிழட்டு முயல் பக்கவாட்டில் படுத்து, வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியை மேசையில் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நின்றார்.

காத்திருந்த மற்றவர்களைப் பிறகு வரச் சொல்லும்படி சாந்தியிடம் சொன்னேன். கைப்பையைக் கீழே வைத்தேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன், எனக்கும் ஒன்று.

“உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?” என்று கேட்டேன்.